உன்னீஸ், உன்தீஸ்

பையை வாங்கிக்கொண்டு
பித்தளை வில்லை ஒன்றைத் தந்தார் காவலர்.
எழுபத்து மூன்று.
தொலைத்தால் ஐம்பது ரூபாய் என்று
மூன்று மொழிகளில் எழுதியிருந்தது.
என்னுடையது அதில் இல்லை.

வெளியே தில்லியின் ஜனவரி.
பனிமூட்டத்தில் பாதிக் கட்டடத்தைக் காணோம்.
உள்ளே சுவரில் வரைபடம்:
'நீங்கள் இருப்பது இங்கே' என்ற சிவப்புப் புள்ளியை
விரல் வைத்து வைத்தே அழித்திருந்தார்கள்
எனக்கு முன்னால் வந்தவர்கள்.

தேடும் கணினியில் ஐந்தாம் எண் பொத்தான் இல்லை.
பெயரைத் தட்டினேன்.
புள்ளியியல், நீல அட்டை, பிரதிகள் நான்கு.
மூன்று வெளியே போயிருக்கின்றன.
ஒன்று அலமாரியில் இருக்கிறது என்றது திரை,
கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறாற்போல.

மேஜைக்கடியில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த சுதேஷ்
ஊசியை நிறுத்தாமல் சொன்னார்:
மாடிக்குப் போ. பாஞ்ச் ஸௌ உன்னீஸ்.

உன்னீஸ் பத்தொன்பதா, இருபத்தொன்பதா?
வந்து ஆறு மாதம் ஆகிறது,
காய்கறி வண்டிக்காரரிடம் நான் ஏமாறுவதும்
இதே இடத்தில்தான்.

ஐந்நூற்று இருபத்தொன்பதில் போய் நின்றேன்.
நாட்காட்டிகள், கிரகணக் கணக்குகள்,
அதிக மாதம் எப்படி வந்து சேர்கிறது என்று விளக்கும்
தடித்த புத்தகம்.
பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கையில்
காலத்தைப் பற்றிய அலமாரி முன்
அரை மணி நேரம் போனது.

சரியான வரிசையைக் கண்டபோது
அங்கே கையகல இடைவெளி.
பக்கத்துப் புத்தகம் அதன்மேல் சரிந்திருந்தது,
மெட்ரோவில் தூங்கி அடுத்தவர் தோளில் விழுபவரைப் போல.

கணினி இருக்கிறது என்றால் இருக்கிறது, என்றார் சுதேஷ்.
எங்கே என்று அது சொல்லாது.
படிவம் ஒன்று கொடுத்தார்.
போட வேண்டிய பெட்டியைக் காட்டினார்.
பெட்டியின் சாவி விடுப்பில் இருந்தது.
வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வரவழைக்கலாம்,
பதினைந்து நாளாகும்.

சும்மா சுற்றினேன்.
சார்ஜர் துளைக்குச் சண்டை நடக்கும் வாசிப்புக்கூடம்,
நகல் எடுக்க நீண்ட வரிசை,
சால்வையை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்கும் ஒருவன்.
மூன்றாம் மாடிக் கோடியில்
கண் சிமிட்டும் குழல்விளக்குக்குக் கீழே
894.811.
படிக்கப் போகவில்லை.
என் எழுத்துகளை வெறுமனே பார்க்கப் போனேன்.

யாப்பிலக்கணம் ஒன்றுக்கும்
ஏதோ விழா மலருக்கும் பின்னால்,
சுவரோடு ஒட்டி,
நீல அட்டை.

இந்தப் பக்கம் ஒருவர் வருவதன் நிகழ்தகவு
சுழியம் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.
சிரித்துவிட்டேன். தும்மலும் வந்தது.

உள்ளே ஒரு சீட்டு, ஆங்கிலத்தில்:
'பதினேழாம் தேதி பரீட்சை. தயவுசெய்து எடுக்காதே.
ஏழாம் அத்தியாயம் மட்டும் இன்னும் புரியவில்லை.'

என் அட்டையில் பதிந்தால்
பதினாலு நாள் எனக்கே எனக்கு. விதி அப்படி.
படியிறங்கி சுதேஷ் வரைக்கும் போனேன்.
ஒரு கை முடிந்து அடுத்த கை தொடங்கியிருந்தார்.
எனக்கும் ஏழாம் அத்தியாயம்தான்.
திரும்பிவிட்டேன்.

தரையில் உட்கார்ந்து சீட்டின் கீழே எழுதினேன்:
'எனக்கும் பதினேழு. காலை எனக்கு, மதியம் உனக்கு.'
எல்லாம் ஆங்கிலத்தில்.
கடைசியில் மட்டும் பழக்கதோஷத்தில்
'சரியா?' என்று விழுந்துவிட்டது.

மறுநாள் பதில் இல்லை.
ஆனால் ஏழாம் அத்தியாயத்து ஓரத்தில்
பென்சிலால் ஒரு கணக்கு பாதி போட்டு நின்றிருந்தது.
மீதியை நான் போட்டேன்.
அதற்கடுத்த நாள் என் விடையை அடித்து
வேறொன்று எழுதியிருந்தது.
அதுதான் சரி.

நான்காம் நாள்
சீட்டில் இன்னொரு கையெழுத்து.
பச்சை மை, இடப்பக்கம் சாய்ந்த தமிழ்:

'சரி. ராத்திரி எனக்கு.'