பதினொன்றிலிருந்து நாலு வரை

ஜூலை மாதம்
பதினொன்றிலிருந்து நாலு மணி வரை
பைக் எடுக்கக்கூடாது என்று குவைத்தில் உத்தரவு.
ஃபர்வானியா, நாலாவது மாடி.
ஆறு கட்டில், ஒரு அடுப்பு, ஐந்து மணி நேரம்.

மூன்று வருஷமாக பர்கர் சுமக்கிறேன்.
காவலாளி இன்டர்காமில்
"பர்கர் வந்திருக்கு" என்பார்.
மேலே கதவைத் திறந்து
"பர்கரா?" என்பார்கள்.
ஆமாம் என்பேன்.
பாஸ்போர்ட்டில் வேறு பெயர்,
அது கம்பெனி அலமாரியில் இருக்கிறது.

ஒன்றைக்கூடத் தின்றதில்லை.
இந்த ஊரில் முதல் வேலை கோழிக்கடை,
ஆறு மாதம், ரப்பர் பூட்ஸ்.
அதற்குப் பிறகு கறி தொண்டையில் இறங்கவில்லை.
கேட்பவர்களிடம் வயிற்றுக்கு ஒத்துக்காது என்பேன்,
பேச்சு சீக்கிரம் முடியும்.

இன்று ராஜ்மா ஊறியிருக்கிறது.
நேற்றிரவே ஜலாலின் டீ பிளாஸ்க்கில் போட்டது,
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.
வேகவைத்து, வடித்து, கையால் நசுக்கி
பீட்ரூட் துருவல், வெங்காயம், பச்சை மிளகாய்,
சோம்பு கொஞ்சம்.
தட்டும்போது கட்டைவிரல்
வடை என்று நினைத்து
நடுவில் ஓட்டை போடப் போனது.

முதலாவது, கல்லில் விழுந்ததும்
பாகப்பிரிவினை மாதிரி
ஆளுக்கொரு மூலையாகப் போனது.
தில்பகதூர் கரண்டியால் வழித்துத் தின்றான்.
தின்றுவிட்டுத் தன் பெட்டியைத் திறந்து
நேபாளத்திலிருந்து வந்த நூடுல்ஸ் பாக்கெட் ஒன்றை
பிரிக்காமலே முஷ்டியால் குத்தினான்.
"இதில் புரட்டு."
இரண்டாவது நின்றது.

உருளைக்கிழங்குதான் பாடு.
நறுக்கிப் பச்சைத்தண்ணீரில் போட வேண்டும்.
பச்சைத்தண்ணீருக்கு எங்கே போவது,
குழாயைத் திறந்தால் டீயே போடலாம்,
தொட்டி மொட்டைமாடியில் கொதிக்கிறது.
கீழே பக்காலாவில் ஒரு பை ஐஸ் வாங்கினேன்.
லிஃப்ட் வேலை செய்யவில்லை.
நாலு மாடி ஏறுவதற்குள்
கால்வாசி என் முதுகில் வழிந்தது,
அந்தச் செலவு வீணில்லை.

ஊறவைத்து, துடைத்து, ஒருமுறை பொரித்து,
ஆறவிட்டு, மறுபடி பொரித்து
உப்பைத் தூவினேன்.
சட்டியிலிருந்து வாய்க்கு ஒரு முழம்.
கடையிலிருந்து சல்மியாவின் கடைசித் தெருவுக்கு
ஒன்பது கிலோமீட்டர், ஆறு சிக்னல்.

கடித்தேன்.
சத்தம் கேட்டது.

இத்தனை நாளும் என் முதுகுக்குப் பின்னால்
பெட்டிக்குள் செத்துக்கொண்டிருந்தது
இதுதானா?
நமுத்துப்போச்சு என்று
ஒற்றை ஸ்டார் போட்டவர்களையெல்லாம்
சிக்னலுக்குச் சிக்னல் திட்டியிருக்கிறேன்.
உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

பர்கரைச் சொல்ல மறந்துவிட்டேன்.
சமூன் ரொட்டியை நெய்யில் வாட்டி
லெபனான் கடைப் பூண்டுக்குழம்பு தடவி
ஊறுகாய் வெள்ளரி அடுக்கியது.
ஜலால் இரண்டு கேட்டான்.
இரண்டாவதை அவன் கடித்த நேரம் பார்த்து
பிளாஸ்க் விஷயத்தைச் சொன்னேன்.
வாய் நிறைய இருந்ததால்
கண்ணால் மட்டும் திட்டினான்.
எனக்கு பீட்ரூட் கொஞ்சம் கூடிப்போனதாகத் தோன்றியது.
உதடு சிவந்து மூன்று பேரும்
ஏதோ கல்யாணத்தில் தாம்பூலம் போட்டவர்கள்போல
ஏசிக்கு அடியில் உட்கார்ந்திருந்தோம்.

நாலு மணி. போன் அடித்தது.
இரண்டு சிக்கன் பர்கர், பெரிய ஃப்ரைஸ், சல்மியா.
சீல் ஸ்டிக்கரைத் தொடக்கூடாது, தொடவில்லை.
பெட்டியின் ஜிப்பை மட்டும்
ஒரு விரல் அகலம் திறந்துவிட்டேன்,
ஆவி போகட்டும் என்று.
நாற்பத்தெட்டு டிகிரிக் காற்று
வழியெல்லாம் உள்ளே போய்ப் போய் வந்தது.
மூன்று கோடை கடந்து
அதனிடம் வாங்கிய முதல் உதவி.

ஏழாவது மாடி. கதவு திறந்தது.
"பர்கரா?"
எனக்குத் தெரிந்த நாற்பது அரபிச் சொல்லில்
இரண்டைத் தேடி எடுத்து
"முதலில் பத்தாத்தா" என்றேன்.
அந்தப் பெண் என்னையும் பையையும் பார்த்துவிட்டு
கதவைச் சாத்தினாள்.

உள்ளே சத்தம் கேட்கிறதா என்று
லிஃப்ட் வரும்வரை
நின்றுகொண்டிருந்தேன்.