ஆறாவது மாதிரி

செகெட் நகரின் கிழக்கு ஓரம்,
பிளாஸ்டிக் வார்க்கும் ஆலையில் என் மேசை.
நான்கு மாதமாய் ஒரே ஒரு மூடி.

இரண்டே தட்டுகள்.
அடித்தட்டில் ஏழு பொடித்துளை, தள்ளி ஒரு பிறைவாய்.
மேல்தட்டில் ஒற்றை ஜன்னல்.
திருப்பினால் தூவும்,
இன்னும் திருப்பினால் கொட்டும்,
அதையும் தாண்டினால் வாயை மூடிக்கொள்ளும்.
நிற்கிற இடத்தில் எல்லாம் ஒரு 'டக்'.
சொல்ல இவ்வளவுதான்.

உப்பு சமர்த்து. எந்தத் துளையிலும் வரும்.
கசகசாவுக்கு அவசரம், ஒன்றைக் கூப்பிட்டால் ஊரே வரும்.
சீமைச் சோம்பு துளையின் குறுக்கே படுத்துக்கொண்டு
எழுந்திருக்க மறுக்கும்.
பாப்ரிகாவோ
எண்ணெய் கசியும் சிவப்பு மாவு,
இரண்டு தட்டுக்கும் நடுவே குடியேறி
திருப்பும்போதெல்லாம் கர்ர்ர் என்கிறது.

இறுக்கு, என்றான் வெந்தெல்.
அச்சுப் பட்டறையில் அவனுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றே.
அரை மில்லிமீட்டரைக் கால் ஆக்கினேன்,
காலை அரைக்கால் ஆக்கினேன்.
ஐந்தாவது மாதிரி திரும்பவே இல்லை.
ஆறாவது திரும்பியது, இரண்டு கையும் ஒரு கெட்ட வார்த்தையும் கொடுத்தால்.

நவம்பர் பனிமூட்டத்தில்
திஸா ஆற்றங்கரையில் மீன் சூப் விற்கும்
பெர்தலானைப் பார்க்கப் போனேன்.
ஆறாவதை அவரிடம்தான் கொடுத்திருந்தேன்.
ஜாடி திறந்து கிடந்தது, உள்ளே ஒரு கரண்டி.
மூடி எங்கே என்றேன்.
மூலையில் ஆடுகிற மேசையின் காலடியைக் காட்டினார்.
அங்கே இருந்தது,
பிறந்ததிலிருந்து முதல்முறையாக
ஒரு வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டு.

கோபித்துக்கொள்ளாதே எமொகெ, இங்கே பார், என்று
கையோடு கொண்டுபோயிருந்த ஏழாவதை வாங்கி
கொதிக்கும் கொப்பரைக்கு மேல் கவிழ்த்தார்.
முதல் உதறலில் சிவப்பு பொலபொலவென விழுந்தது.
இரண்டாவதில் பாதி.
மூன்றாவதில் ஒன்றுமே இல்லை.
நான் திறந்துவைத்த வழியாகவே
ஆவி மேலேறி உள்ளே போயிருந்தது.
உள்ளங்கையால் ஜாடியின் அடியில் ஓங்கித் தட்டினார்.
மூடி, மாவு, எல்லாம் கொப்பரைக்குள்.
அன்று பதினொரு பேர் காசு கொடுக்காமல் போனார்கள்.
அதில் இரண்டு பேர் அழுதார்கள், காரத்தால்.

ஆலைக்கு வந்து
வரைபடத்தைத் திரையில் கவிழ்த்துப் பார்த்தேன்.
ஏன் தோன்றவில்லை இத்தனை நாள்?
நான் நிமிர்த்தி நிமிர்த்தி வரைந்த பொருள்
வேலை செய்யும் நேரமெல்லாம் தலைகீழாய் இருக்கிறது.

புனல் மாதிரி குவியட்டும் என்று வைத்த துளைகள்,
குவிந்த இடத்தில்தான் மணிகள் தோளோடு தோள் சேர்த்து
பாலம் கட்டி நின்றிருந்தன.
உள்ளே குறுகல், வெளியே விரிவு என்று மாற்றினேன்.
ஜன்னலை நடுவிலிருந்து விளிம்புக்குத் தள்ளினேன்,
கவிழ்க்க வேண்டாம், சாய்த்தால் போதும்,
ஈரக் கட்டைவிரல் ஒன்றே திருப்பி மூடும்.
தட்டுகளை இறுக்கவில்லை.
ஓரத்தில் மெல்லிய வளையம் மட்டும் தொடட்டும்,
மற்ற இடமெல்லாம் பள்ளம்,
நுழைந்த பொடிக்கு வெளியேற ஒரு வாசல்.
வெந்தெல் வரைபடத்தைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
தளர்த்தியிருக்கிறாய், என்றான்,
யாரோ இறந்ததைச் சொல்வது போல.

ஒன்பதாவது மாதிரி ஆவியில் நாற்பது முறை உதறியும் அடைக்கவில்லை.
நாற்பத்தொன்றாவதில் அடைத்தது. அதை எழுதிவைத்திருக்கிறேன்.

விற்பனைப் பிரிவின் கொர்னேலியாவுக்கு
ஓர் உதறலுக்கு எத்தனை கிராம் என்று தெரிய வேண்டும்.
பெர்தலானைக் கேட்டேன்.
சூப்பைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்,
போதும் என்கிற வரைக்கும், என்றார்.
படிவத்தில் 'சிட்டிகை' என்று எழுதி அனுப்பினேன்.
சிவப்பு மையில் வட்டமிட்டுத் திரும்பி வந்தது.

புறப்படும்போது ஆறாவதைக் கேட்டேன்,
பதிவுக்காக, அலமாரியில் வைக்க.
குனியக்கூட இல்லை அவர்.
மேசை ஆடும், என்றார்.