நாலாவது கொடி

லீவுக்கு வந்த கப்பல் சமையல்காரன் பெட்டியைத் திறந்தால்
சென்ட் பாட்டில் வரும் என்று
உவரியே எட்டிப் பார்க்க,
என் வீட்டுக்காரர் லிகோரி மிராந்தா எடுத்து வைத்தது
ஒரு தகர டப்பா.
உள்ளே சிவப்புப் பொடி. மிளகாய்தான், எரிக்காது;
அடுப்படியில் மறந்துபோன சேலை மாதிரி புகைவாசம்.

"ஏட்டி செல்ஸ்டீனா, ஸ்பெயின்காரன் சொரிசோவுக்கு இதுதான் உயிர்."
சொறியா என்றேன்.
சின்ன ர. மழை சொரியுமே, அந்தச் சொரி.
பெரிய ற போட்டால் அது நாய்க்கு வருவது.

ஒரு எழுத்துக்கே இவ்வளவு என்றால்
குடலுக்குள் கறி அடைக்கிறவர்கள்
சும்மா இருப்பார்களா?
அவர் கப்பலில் கொடிக்குச் சண்டை வராதாம்,
குடலுக்குத்தான் வருமாம்.
கோவாக்கார போசனுக்குக் கள்ளுக்காடி வேண்டும்,
தின்கிறவன் கண்ணில் நீர் முட்டவேண்டும்.
காடியா, அழுகலை மறைக்கிற வேலை என்பாராம்
கலீசியா என்ஜினியர்;
புகை போடு, ஒரு மாசம் பொறு.
மெக்சிகோ ஆயிலருக்குத் தொங்கவிடுவதே பாவம்.
பச்சையாகப் பிதுக்கு, முட்டையோடு கிளறு,
விடிந்து எட்டு மணிக்குள் தீர்ந்துவிடவேண்டும்.
சர்க்கரை போட்டு அடைப்போம் என்றானாம்
பிலிப்பைன்ஸ் பையன் ஒருவன்.
அவனைத் திட்டும்போது மட்டும்
எல்லோரும் ஒரே கட்சி.

மிராந்தா என்று பேரைக் கொடுத்துவிட்டுப்
போன பரங்கி
பண்டத்தைக் கொடுக்காமல் போய்விட்டான்,
அதை நான் கொண்டுவருகிறேன் என்று
வள்ளியூரில் ஆறு கிலோ பன்றிக்கறி வாங்கினார்.
திசையன்விளையில் ஆட்டுக்குடல்.
குச்சியில் மாட்டி உள்வெளியாய்ப் புரட்டி
மஞ்சளும் எலுமிச்சையும் போட்டு ஏழு தண்ணீர் அலசியது
நான்.
இந்த இடம் வரும்போது
எந்த நாட்டுக்காரனும் வாய் திறப்பதில்லை.

மொட்டைமாடியில் மூன்று கொடி.
ஒன்றில் காடி, பதநீர் புளித்தது.
ஒன்றில் டப்பாப்பொடி; கீழே பனைமட்டைப் புகை.
ஒன்று மெக்சிகோ, ஒரு ராத்திரிக்கு மட்டும்.
மிஞ்சிய குடலும் ஒரு கிலோ கறியும்
சட்டியில் என்னைப் பார்த்தன.
கல்லுப்பு, பூண்டு, நல்லமிளகு,
எங்கள் கூட்டப்புளி வீட்டில் உப்புக்கண்டத்துக்குப் போடுகிற மாதிரி
எலுமிச்சை அளவு கருப்பட்டி.
"கறியில கருப்பட்டியா? சவத்த, எங்க வீட்ல நாய்கூடத் திங்காது."
பத்து மைல் இல்லை
உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும்.
நாலாவது கொடி கட்டினேன்.

பணகுடிப் பக்கத்துக் காற்றாடிகள் சுற்றியவரை குறை இல்லை.
பதினோராம் நாள் காற்று நின்றது.
பன்னிரண்டாம் நாள் எல்லாவற்றிலும் வெள்ளையாய்ப் பூத்திருந்தது.
வீடியோவில் காட்டினார்.
கடலில் போடு என்றார் போசன்.
கும்பிடு, அதுதான் வரம் என்றார் என்ஜினியர்.
இரண்டு பேரையும் அணைத்துவிட்டு
கருவாட்டை மோந்து பார்க்கிற மூக்கால் மோந்தேன்.
துணியைக் காடியில் நனைத்துத் துடைத்தேன்.
சாகவில்லை, யாரும்.

சின்னவெங்காயத்தோடு வதக்கி, பழைய கஞ்சிக்கு,
காடி முதல்நாளே காலி.
புகை பரவாயில்லை, தொண்டையில் கொஞ்சம் அடுப்படி.
நாலாவதில் ஒரு முழம் குறைந்திருந்தது.
பூனை என்றார் லிகோரி.
நறுக்கிய இடத்தில் கத்தித்தடம் நேராக இருந்தது.

போகும்போது மூன்றிலும் கொஞ்சம் பேப்பரில் சுற்றி
பெட்டியின் அடியில் வைத்தார்.
மெக்சிகோகாரருக்குப் போட்டோ மட்டும்.

பெர்த்தில் இறங்கியதும் கையுறை போட்ட ஒரு பெண்
எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு
சீட்டு எழுதிக் கொடுத்தாளாம்.
படம் அனுப்பியிருந்தார்.
இறைச்சிப் பண்டம், இரண்டு கிலோ, அழிக்கப்படும்.

திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கருப்பட்டி போட்டதை அவள் தனியாக எழுதவில்லை.