முன்சக்கர ஆட்டம்

கூத்தாநல்லூரில் ஜாக்கி வைப்பதென்றால்
முதலில் ஒரு பலகை வேண்டும்.
வண்டலுக்குக் கனம் தாங்கத் தெரியாது,
எதை வைத்தாலும் உள்ளே வாங்கிக்கொள்ளும்.
பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கலாமென்றால்
தெரு முழுக்கத் தேடியும் ஒரு கல் இல்லை.
மிக்ஸி வந்தபின் சும்மா கிடந்த குழவியை
உருட்டிக்கொண்டு வந்தேன்.

பதினாலு வருஷத்து ஆல்டோ.
அறுவடை மிஷின்கள் ஏறி இறங்கிய ரோட்டில்,
லெட்சுமாங்குடிப் பாலத்து இறக்கத்தில்,
இடது முன்பக்கம் ஒரு டொக்.
ஒரு மாதமாகப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்து
அதைக் கேட்காமல் ஓட்டினேன்.

நாளைக்குப் பூவராகன் வருகிறார், நாச்சியார்கோவிலிலிருந்து.
பின்சீட்டை மடக்கிவிட்டுக்
குத்துவிளக்கு ஏற்ற வேண்டுமாம்.
போனில் கேட்டது ஒன்றுதான்:
"வண்டி தங்கமா இருக்குல்ல, தங்கச்சி?"
இருக்குண்ணே என்றேன்.
சொன்ன வாய் கசந்தது.
அதனால்தான் வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு
பழைய நைட்டியும் சாக்குமாக
வண்டிக்கடியில் கிடக்கிறேன்.

பானெட் மூலையில்
உடம்பின் எடையெல்லாம் போட்டு அமுக்கி விட்டதில்
ஒரு தரம் எழுந்தது, அடங்கிவிட்டது.
ஷாக் அப்சார்பர் பிழைத்தது.
தண்டில் எண்ணெய்க் கசிவில்லை, தூசிதான்.
புஷ்ஷில் மெல்லிய வெடிப்புகள்,
என் குதிகாலைவிட மோசமில்லை.

சக்கரத்தைத் தூக்கி
மூன்று மணிக்கும் ஒன்பது மணிக்கும் கை கொடுத்து ஆட்டினேன்.
டை ராடு போன வருஷம் மாற்றியது,
அசைந்து கொடுக்கவில்லை.
பன்னிரண்டும் ஆறும் பிடித்தேன்.
மேல்கை தள்ள, கீழ்கை இழுக்க,
ஒரு நெல்லின் பருமன்.
கண்ணுக்குத் தெரியவில்லை,
உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது.

பேரிங்காக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.
பேரிங் ஊளையிடும், ஊரைக் கூட்டும்,
சொல்லாமல் கைவிடாது.
நஸ்ரினைக் கூப்பிட்டேன்.
சீட்டில் உட்கார்ந்தால் அவளுக்குக் கால் எட்டாது.
ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு
பிரேக் மேல் ஏறி நின்றாள்.
"விட்டுடாதே" என்றேன்.
பிரேக்கில் அடங்கினால் பேரிங்.

அடங்கவில்லை.

டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
டயருக்கடியில் கடப்பாரை கொடுத்து நெம்பினேன்.
லோயர் ஆர்ம் நுனியில் பால் ஜாயிண்ட்,
ரப்பர் தொப்பி கிழிந்து
கிரீஸ் இருந்த இடத்தில் சேறு.
நெம்ப நெம்ப
வாயைத் திறந்து திறந்து மூடியது.
டொக். அதே டொக்.

சிராஜுக்குப் போட்டேன்.
புரூணையில் மழை, குரல் விட்டு விட்டு வந்தது.
"கொஞ்சம் கிரீஸை அப்பி விடு,
பத்து நாள் சத்தம் வராது.
வாங்குறவன் பாத்து வாங்கட்டும்."
மூன்று மாதச் சம்பளம் நிற்கிற மனுஷன்,
அவரிடம் என்ன சண்டை போடுவது.

பத்து நாள்.
அரசலாற்றை ஒட்டி வளையும் ரோட்டில்
தடுப்பில்லாத இடங்களை மனசுக்குள் எண்ணினேன்.
ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் படுத்துக்கொள்ளும்,
பின்னாலிருக்கும் பித்தளையெல்லாம் முன்னால் வரும்.
தங்கத்திலும் செம்பு கலக்கத்தானே செய்கிறார்கள்
என்று ஒரு நிமிஷம் எனக்கு நானே வாதாடினேன்.
விளக்கு வார்க்கிற ஆள்,
தட்டிப் பார்த்தே வெடிப்பைச் சொல்வாராம்.
அந்தக் காதுக்கா
கிரீஸ் பூசப் போகிறேன்?

டப்பாவைத் திறந்தவள் மூடி வைத்தேன்.
நாளைக்கும் இதே பலகை, இதே குழவி.
பன்னிரண்டிலும் ஆறிலும்
அவரையே கை வைக்கச் சொல்லப் போகிறேன்.
விலையை
அந்த ஒரு நெல்லுக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.
ரொம்பக் குறைத்தால்
என்ன செய்வேன், தெரியவில்லை.

"அம்மா,"
வண்டிக்குள்ளிருந்து குரல்,
"காலை எடுக்கலாமா?
மரத்துப்போச்சு."