அடுப்பில்லாத புதன்

திருக்கோவில் முன்பள்ளி.
பாயில் பதினொரு பேர், வட்டமாக.
இன்றைக்கு அடுப்பில்லை, கத்தியில்லை என்றேன்.
"அப்ப எப்பிடி டீச்சர் ஆக்கிற?" என்றான் துவாரகன்.

அவல் நனைப்பது கபிஷ்ணாவின் வேலை.
பாதி அவள் முழங்கையில் ஒட்டிக்கொண்டது.
உரித்த கோழிக்கூட்டுப் பழத்தைப் பைக்குள் போட்டு
நான்கு பேர் பிசைந்தார்கள்,
யாருடைய விரலை யார் பிசைகிறார் என்று தெரியாமல்.
சர்க்கரை இரண்டு கரண்டி.
யதுர்ஷன் எண்ணினான்:
ஒன்று, இரண்டு, ஐந்து.
தயிர் முட்டியை நான் சரிக்கும்போது மட்டும்
அறையில் ஒரு சத்தமில்லை.

கோப்பைகள் கைமாறி வட்டம் சுற்றவேண்டும்.
மூன்றாவது கோப்பை துவாரகனிடம் வந்து
அங்கேயே நின்றுவிட்டது.
கெஞ்சி வாங்கி அனுப்பினோம்.

எல்லோர் மடியிலும் கோப்பை வந்த பிறகு
ஒருவரும் வாயில் வைக்கவில்லை.
கன்னம் உப்ப, கண்ணை இறுக்கி,
பதினொரு பேரும்
ஊதினார்கள்.

தயிர்தானே பிள்ளைகள், குளிர்ந்துதான் இருக்கு என்றேன்.
"சுடும் டீச்சர், பொறுங்க"
என்றாள் நிலுக்ஷி,
எழும்பி வந்து
என் கோப்பையையும் ஊதினாள்.
ஒரு பருக்கை அவல் என் மூக்கில்.

பொறுத்திருந்தேன்,
அது ஆறும்வரை.