இரண்டாவது பெட்டி

வின்னிபெக்கில் அன்றிரவு மைனஸ் முப்பத்தொன்று.
மருத்துவமனையின் அடித்தள அறையிலோ
மழையானாலும் பனியானாலும் பதினெட்டு.
கோட்டைக் கழற்றாமல் நிற்கிறேன்.

எதிரே இரண்டு சுவிட்ச்.
மேலே இருப்பது முதல்.
கீழே இருப்பதன் நெற்றியில்
நானே ஒட்டிய சீட்டு: துணை.
தமிழில் எழுதினேன்,
இங்கே யார் படிக்கப்போகிறார்கள் என்ற துணிச்சலில்.

ஒன்பது வருடம்
மேலது பேசியது.
கீழது மூச்சு விட்டது.
எல்லா மாடிக்கும் வழி வைத்திருந்தும்
எல்லா வழியையும் அடைத்துக்கொண்டு,
நொடிக்கொருமுறை ஒரே கேள்வி:
இருக்கிறாயா?
இருக்கிறேன்.
இருக்கிறாயா?

இன்று இரண்டையும் ஒன்றாக்க வேண்டும்.
ஒரே பெயர், ஒரே முகவரி, ஒரே புத்தி.
ஓர் உறையில் இரண்டு வாளா
என்று என் மனமே முதலில் கேட்டது.
இடையே தடித்த கேபிள் இரண்டு;
ஒன்று போனால் மற்றது தாங்கும்.
இரண்டும் போனால்
இரண்டு பெட்டியும் நானே தலை என்று எழுந்து நிற்கும்.
விலக்கிவிட
மூன்றாவதாக ஒரு மெல்லிய கம்பி இழுத்திருக்கிறேன்.

நிர்வாகம் தந்தது நான்கு நிமிடம்.
இரண்டு பத்திலிருந்து இரண்டு பதினான்கு.
அந்த நேரத்தில் பிரசவம் ஏதும் உண்டா என்று
ஐந்தாம் மாடி மாரிதெஸிடம் கேட்டேன்.
குழந்தையையே கேள் என்றாள்.

பதினொரு மணிக்குக் கீழதைப் பிரித்தேன்.
ஒன்பது வருடக் காவல் விலகியும்
ஒரு திரைகூட இமைக்கவில்லை.
அதற்கு வலித்திருக்குமோ என்று நினைத்து
எனக்கே கூச்சமாகிப்போனது.
புது மென்பொருள். ரீபூட்.
பதினொரு நிமிடம் கழித்து எழுந்து
எண் ஒன்று என்று தன்னைச் சொல்லிக்கொண்டது,
ஒற்றை ஆள் கொண்ட குடும்பம்போல.

எங்கள் வீட்டிலும் கணக்கு இதுதான்.
நிரோஜனுக்குப் பகல் பேருந்து, எனக்கு இரவு வேலை.
ஒருவர் விழித்தால் ஒருவர் உறக்கம்.
மகள் ஒருநாளும் தனித்திருந்ததில்லை.
தனித்திருந்தது நாங்கள்.

இரண்டு பத்து.
மேலதன் வாய்களை மூடினேன்.
பிங் நின்றது.

யாரும் அழைக்கவில்லை,
அழைக்கும் போன்களும் இதே கம்பியில்தானே.
ஐந்தாம் மாடியில் மாரிதெஸ்
காகிதத்தில் பேனாவால் நாடித்துடிப்பு எழுதிக்கொண்டிருப்பாள்.
ஆய்வகத்தில் ஒரு குழாய் இரத்தம்
பெயர் அச்சாகாமல் காத்திருக்கும்.
இருபது.
பதில் இல்லை, பதில் இல்லை என்று
திரை வரிவரியாக இறங்குகிறது.
முப்பது.
கோட்டுக்குள் வியர்த்தது.
நாற்பத்தொன்றில்
பதில் வந்தது.
கீழதிடமிருந்து.

ஏழு மாடியும் பச்சை. மூச்சு விட்டேன்.
உடனே வாக்கிடாக்கியில் காவலர் டார்லீன்:
"ஆம்புலன்ஸ் வாசல் தடுப்புக்கட்டை
கையைத் தூக்கியபடி நிற்கிறது,
யாரிடம் சரணடைந்ததோ தெரியவில்லை."

சாம்பல் நிறக் கேபிள் ஒன்று.
சீட்டு இல்லை, வரைபடத்தில் இல்லை,
மேலதில் மட்டும் செருகியிருந்தது.
ஒரு மாதமாகப் பார்த்தேன்,
யாருடையதும் அல்ல என்று கடந்துபோனேன்.
கீழதில் செருகினேன்.
கட்டை இறங்கியது என்றாள் டார்லீன்,
சற்று ஏமாற்றத்தோடு.

பிறகுதான் மேலதன் முறை.
அதுவும் மாறி, அணைந்து, எழுந்தது.
பக்கத்தில் ஒருவர் விழித்திருப்பதைக் கண்டது.
தலைமையைக் கேட்கவில்லை.
உறுப்பினர் இரண்டு என்று எழுதிவிட்டு
வேலையில் இறங்கியது.
மாடிக்கு இரண்டு வழி,
இரண்டும் திறந்தவை.

கீழதன் சீட்டைக் கிழிக்கக் கை போனது.
வேண்டாம்.
முதல் எழுத்தை மட்டும் அடித்து எழுதினேன்:
இணை.

ஐந்தே முக்காலுக்கு வீடு.
வாசலில் நிரோஜன், கையில் சாவி,
காலில் ஒரு பூட்ஸ் மட்டும்.
கார் சூடாக நான்கு நிமிடமாவது வேண்டும் என்றான்.

நிறைய, என்றேன்.