நூற்றெழுபத்துமூன்றாம் வரி

கொத்து என்றால் எங்களூரில்
இரவு எட்டு மணிக்கு இரும்புத்தட்டில்
ரொட்டி அடிபடுகிற சத்தம்.
இன்னொரு கொத்தும் இருந்தது,
அதைப் பத்திரிகைகள் எண்ணிக்கையோடு எழுதின.
நான் பார்ப்பது மூன்றாவது:
இருநூற்றுப் பதினாலு விண்மீன்மண்டலங்கள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, ஒரு வேகம்.

பகலில் உப்புவெளி மீனவர் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன்.
ஐஸ், மண்ணெண்ணெய், வலைக்கடன்.
ஐம்பது ரூபாய் இடித்தாலும்
தலைவர் அந்தோனிமுத்து கண்ணாடியைக் கழற்றுவார்.

இரவில் வேறு பேரேடு.
இவை ஓடுகிற வேகத்துக்கு
எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும்.
போகவில்லை.
வெளிச்சத்தையெல்லாம் கூட்டி
இடையில் கிடக்கும் வாயுவையும் கூட்டினால்
பிடித்துவைக்கத் தேவையான பாரத்தில்
ஆறில் ஒன்றுதான் தேறுகிறது.
மிச்சம் ஐந்து பங்கை யாரும் கண்டதில்லை.
சங்கத்தில் இப்படி ஒரு பள்ளம் விழுந்தால்
வீட்டுக்குப் பொலிஸ் வரும்.
இங்கே அதற்கு ஒரு பெயர் வைத்து
அடுத்த பக்கம் புரட்டுகிறார்கள்.

அந்த வாயு, பல கோடி பாகை.
கன்னியாவின் ஏழு கிணறும் அதற்குப் பச்சைத்தண்ணீர்.
ஆனாலும் கை விட்டால் சூடு தெரியாது,
அத்தனை ஐது.

நேற்று மின்வெட்டு.
மடிக்கணினியில் பதினொரு வீதம்.
நூற்றெழுபத்துமூன்றாம் வரி மட்டும்
எல்லை தாண்டி நின்றது:
கொத்தின் சராசரியைவிட
செக்கனுக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீற்றர் கூட.
மேற்பார்வையாளர் எழுதியிருந்தார்:
வெளியாள்போல. நீக்கிவிடவும்.

விதி சரிதான்.
மூன்று மடங்குக்கு மேல் விலகினால் வெட்டலாம்.
கிராம சேவகரின் பதிவேட்டில்
எங்கள் வீட்டு இலக்கத்தின் மேல்
அடிமட்டம் வைத்து இழுத்த கோடும்
இவ்வளவு நேர்த்தியாகத்தான் இருந்தது.

விரல் அழிப்புவிசையில் இருக்க
கிண்ணியாவிலிருந்து றிஸ்மியா எடுத்தாள்.
"படத்தைப் பாத்தியா? அதுக்கு வால் இருக்கு."

பெரிதாக்கினேன்.
நீலமாய், பிய்ந்து பிய்ந்து ஒரு வால்.
கொத்தின் வாயு எதிர்க்காற்றாய் அறைய
தன் வாயுவை உதிர்த்துக்கொண்டு,
இனிப் பிறக்கவேண்டிய விண்மீன்களுக்கான கையிருப்பையும்
உதிர்த்துக்கொண்டு
முதல் தடவையாக உள்ளே விழுகிறது அது.
வெளியாள் இல்லை.
வந்துகொண்டிருக்கிற ஆள்.

வைத்துக்கொண்டேன்.
பாரம் கூடியது. காணாத பங்கு கூடியது.
வழுவும் கூடியது, அசிங்கமாக.
மேற்பார்வையாளருக்கு என்ன எழுதுவதென்று
இன்னும் தெரியவில்லை.

கணினி அணைந்தபின் படலையடிக்கு வந்தேன்.
டைக் வீதி முழு இருட்டு.
கோட்டையிலிருந்து இறங்கிய புள்ளிமான்கள்
குப்பைத்தொட்டியைச் சுற்றி
ஒன்றையொன்று இடிக்காமல் நகர்ந்தன.
யாரும் கட்டிவைக்கவில்லை அவற்றை.
ஒன்று மட்டும் தள்ளி, நடுத்தெருவில் நின்று
எதையோ மென்றது.
பெரும்பாலும் பொலித்தீனாக இருக்கும்.